வாவிக்கரைக்கும் கூத்துக் களரிக்கும் ஒரே லென்ஸ்: எதை வாங்குவது?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஓர் ஆசிரியை கேட்டிருக்கிறார். கையில் சொனி ஏ6400 கமராவும் அதோடு வந்த 16-50 கிட் லென்ஸும் இருக்கின்றன. எடுப்பது வீட்டில் இரண்டு பிள்ளைகளை, ஊர்க்கோயில் திருவிழாவை, பள்ளி நிகழ்ச்சிகளை, பின்னேரத்து வாவிக்கரையை, வருடத்தில் ஓரிரு முறை விடிய விடிய நடக்கும் கூத்தை. இடைக்கிடை சொந்தக்காரரின் கலியாண வீடு, சாமத்திய வீடு. “லென்ஸைக் கழற்றி மாட்டிக்கொண்டு நிற்க எனக்கு நேரமில்லை. எப்போதும் கமராவிலேயே இருக்கும்படி ஒரே ஒரு சூம் லென்ஸ் வேண்டும். சொனி 18-135, சிக்மா 18-50, டாம்ரன் 17-70, இந்த மூன்றில் எது?” என்பது கேள்வி.

தங்கச்சி, மூன்று பெயரைச் சொல்லிக் கேட்டாலும் நீங்கள் உண்மையில் கேட்பது வேறொன்று. தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுக்கும் லென்ஸை வாங்குவதா, இருட்டில் வெளிச்சத்தை அள்ளும் லென்ஸை வாங்குவதா என்பதுதான் அது. 18-135 முதல் வகை, மற்ற இரண்டும் அடுத்த வகை. (பெயரில் உள்ள எண்கள் மில்லிமீட்டர். எண் சிறிதானால் காட்சி விரியும், பெரிதானால் தூரத்தில் இருப்பது கிட்டே வரும்.) இரண்டையும் ஒன்றாகத் தருகிற, கையில் தூக்கக்கூடிய, வாங்கக்கூடிய லென்ஸ் ஒன்று இல்லை. ஆகவே எதை விட்டுக்கொடுக்கலாம் என்று முதலில் தெரிய வேண்டும். நான் மட்டக்களப்பில் இருபது வருடமாகக் கலியாண வீடுகளிலும் கோயில்களிலும் படம் எடுக்கிறவன். கடைசி ஆறு வருடம் சொனி கமராக்களோடுதான். நீங்கள் சொன்னவற்றில் 18-135, 17-70 இரண்டும் சொந்தமாக வைத்துப் பாவித்தவை. 18-50 என்னோடு வேலை செய்யும் தம்பியுடையது, அடிக்கடி வாங்கிப் பாவிப்பேன். ஆகவே இந்த மூன்றைப் பற்றியும் சொல்வது கையில் பிடித்துப் பார்த்த அனுபவத்தில்தான். ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு பிரதியைத்தான் பார்த்திருக்கிறேன். ஒரே மாடலில் ஒரு லென்ஸுக்கும் இன்னொன்றுக்கும் கூர்மையில் சிறு வித்தியாசம் இருப்பது வழக்கம் என்பதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

கடைக்குப் போகுமுன் ஒரு வேலை. கடந்த ஒரு வருடத்தில் எடுத்த படங்களில் ஒரு ஐந்நூறைக் கணினியில் திறந்து பாருங்கள், கெட்டுப்போன படங்களையும் சேர்த்து. ஒவ்வொரு படத்தின் விபரத்திலும் எத்தனை மில்லிமீட்டரில் எடுத்தது, ஷட்டர் வேகம் எவ்வளவு, ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்குக் கமரா காட்டும் உணர்திறன், கூட்டினால் படத்தில் புள்ளி விழும்) எவ்வளவு என்று பதிவாகியிருக்கும். பெரும்பாலானவர்களுக்கு லென்ஸின் இரண்டு முனையிலும்தான் படங்கள் குவிந்திருக்கும். உங்களுக்கென்றால் 16இலும் 50இலும். நடுவில் கொஞ்சம்தான் தேறும். 50இல் குவிந்திருப்பவற்றைத் தனியே எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தப் படம் சரிவராமல் போனது ஆள் சின்னதாகத் தெரிவதாலா, அல்லது கலங்கியும் புள்ளி விழுந்தும் கிடப்பதாலா? முதலாவது என்றால் உங்களுக்குத் தூரம் போதவில்லை. இரண்டாவது என்றால் வெளிச்சம் போதவில்லை. நான் கண்டவரை, நம் பக்கத்தில் குடும்பத்தையும் கோயிலையும் எடுக்கிறவர்களுக்கு இரண்டாவதுதான் கூடுதலாக வரும். காரணம் எளிது. பகலில் வெயில் கொளுத்தும்போது பெரும்பாலும் யாரும் விழா வைப்பதில்லை. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கென்றால் குளிர்த்தி என்ற நிறைவுச் சடங்கு இரவில். கூத்தென்றால் இரவு முழுக்க. கலியாண வீட்டில் மணவறை மண்டபத்துக்குள்ளே. பிள்ளைகள் வீட்டுக்குள் துள்ளுவதும் விளக்கு வைத்த பிறகுதான்.

வெளிச்சக் கணக்கை ஒரு கூத்துக் களரியை வைத்துச் சொல்கிறேன். வட்டக்களரியைச் சுற்றிச் சனம், மேலே கட்டிய நாலைந்து விளக்கு, மத்தளமும் சல்லாரியும் உச்சத்தில், கரப்புடுப்பு என்ற கூத்து உடையோடு அரசன் சுழன்று ஆடுகிறான். உங்கள் கிட் லென்ஸை 50க்கு இழுத்தால் அதன் வாய் எஃப் 5.6க்கு மேல் திறக்காது (எஃப் எண் குறையக் குறைய வாய் அகலும்). அந்த வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ 6400 வைத்தும் ஷட்டர் செக்கனில் 60இல் ஒரு பங்குதான் கிடைக்கிறது என்று வையுங்கள். சுழலும் கால் அந்த வேகத்தில் நிற்காது, இழுபட்டுப் போகும். எஃப் 2.8 லென்ஸ் அதே இடத்தில் நாலு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். அதே ஐஎஸ்ஓவில் ஷட்டர் 250இல் ஒரு பங்காகிவிடும். கால் நிற்கும், சலங்கைகூடத் தெரியும். ஆட்டம் இல்லாமல் ஒருவர் நின்று பாடும் இடமென்றால் ஷட்டரை 60இலேயே விட்டு ஐஎஸ்ஓவை 1600க்கு இறக்கலாம், முகத்தில் புள்ளி விழாது. இது கருத்து வித்தியாசம் இல்லை, கணக்கு. 18-135இலும் நீங்கள் பாதித் தூரம் போவதற்குள்ளேயே 5.6க்கு வந்துவிடுவீர்கள். அதாவது களரியில் அது உங்கள் கிட் லென்ஸ் செய்ததையே கொஞ்சம் கிட்டே இழுத்துச் செய்யும், அவ்வளவுதான்.

இங்கே பலரும் ஒரு இடத்தில் தடுமாறுகிறார்கள். “லென்ஸில் நடுக்கம் தணிக்கும் வசதி இருக்கிறது, அப்போ இருட்டிலும் எடுக்கலாம்தானே” என்பார்கள். அந்த வசதி தணிப்பது உங்கள் கையின் நடுக்கத்தை மட்டும். எதிரே ஆடுகிறவரை அது நிறுத்தாது. கோயில் கோபுரம், வாவியில் அசையாமல் கிடக்கும் தோணி, இரவுக் கல்லடிப் பாலத்து விளக்கு என்றால் அது பெரிய உதவி. ஓடுகிற பிள்ளைக்கு உதவாது. ஆனாலும் உங்கள் கமராவில் அதைக் கவனிக்காமல் விட முடியாது. ஏ6400இன் உடலுக்குள் நடுக்கம் தணிக்கும் பொறி இல்லை. சொனி அதை ஏ6500, ஏ6600, ஏ6700 மாடல்களில் வைத்திருக்கிறது, உங்களுடையதில் வைக்கவில்லை. ஆகவே லென்ஸில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. 18-135இல் இருக்கிறது, டாம்ரன் 17-70இல் இருக்கிறது, சிக்மா 18-50இல் இல்லை. படம் மட்டும் எடுப்பவருக்கு இது பாதிக் குறை. கையில் பிடித்தபடி வீடியோ எடுப்பவருக்கு முழுக் குறை. கூத்தை வீடியோவாகவும் பதிந்து வைக்க நினைத்தால் இதை நன்றாக யோசியுங்கள்.

சரி, தூரம். 70க்கும் 135க்கும் இடையில் பெரிய இடைவெளி இருப்பதுபோல் தோன்றும். உங்கள் கமராவின் படம் 24 மெகாபிக்சல், அகலம் 6000 பிக்சல், உயரம் 4000 பிக்சல். 70இல் எடுத்த படத்தை 135இல் எடுத்ததுபோல் தெரியும்வரை வெட்டினால், கிட்டத்தட்ட 3100க்கு 2070 பிக்சல் மிஞ்சும். 6 மெகாபிக்சலுக்குச் சற்று மேலே. போனில் பார்க்கவும், பேஸ்புக்கில் போடவும், 6க்கு 8 அங்குலத்தில் அச்சிட்டு அல்பத்தில் வைக்கவும் அது தாராளம். சுவரில் பெரிதாக மாட்டத்தான் போதாது. படத்தை வெட்டித் தூரத்தைக் கொஞ்சம் மீட்கலாம். எடுக்கும்போது உள்ளே வராத வெளிச்சத்தைப் பிறகு எந்த மென்பொருளாலும் அப்படி மீட்க முடியாது. ஐஎஸ்ஓ கூடி விழும் புள்ளிகளை அழிக்கும் மென்பொருள்கள் இப்போது நன்றாக வேலை செய்கின்றன, நானும் பாவிக்கிறேன். ஆனால் இழுபட்ட முகத்தை அவை சரிசெய்யாது.

அதற்காக 18-135ஐக் குறைத்து மதிப்பிட வேண்டாம். 325 கிராமில் இவ்வளவு தூரம் போகும் லென்ஸ் எனக்குப் பகல் வேலைகளில் எத்தனையோ தடவை கைகொடுத்திருக்கிறது. மாமாங்கத்தில் ஆடி அமாவாசைத் தீர்த்தத்தின்போது குளத்தைச் சுற்றி நிற்கும் சனத்துக்குள் ஓரடி முன்னே போக முடியாது. நின்ற இடத்திலிருந்தே குளம் முழுவதையும், அடுத்த நொடியில் தண்ணீரிலிருந்து எழும் ஒரு முகத்தையும் எடுக்க அது விட்டது. பள்ளியில் இல்ல மெய்வல்லுநர் போட்டி வந்தால் மைதானத்தின் அந்தப் பக்கத்தில் ஓடுகிற பிள்ளையை 70இல் பிடிக்க முயல்வது வீண். உங்கள் ஐந்நூறு படத்தில் பாதிக்கு மேல் காலை எட்டுக்கும் பின்னேரம் ஐந்துக்கும் இடையில் வெளியில் எடுத்தவை என்றால், இனி நான் சொல்வதைப் பொருட்படுத்தாமல் 18-135ஐயே வாங்குங்கள். பறவைகளுக்காக மட்டும் அதை வாங்காதீர்கள். வாவிக்கரையில் நாரையும் நீர்க்காகமும் கிட்ட விடாது, அதற்கு 135உம் பற்றாது.

இனி சிக்மாவா டாம்ரனா. இரண்டும் முழு நீளத்துக்கும் எஃப் 2.8. இரண்டும் 2021இல் வந்தவை. கூர்மையில் நான் இரண்டுக்கும் சண்டை மூட்ட மாட்டேன். பெரிதாக்கிப் பார்த்துச் சொல்லும் அளவு வித்தியாசம் என் கண்ணுக்குப் படவில்லை. வேறு மூன்று விஷயங்களில்தான் பிரிகின்றன. முதலாவது நிறை. சிக்மா ஏறக்குறைய 290 கிராம், டாம்ரன் 525. கமராவோடு சேர்த்தால் ஒன்று 700 கிராமுக்குக் கிட்ட, மற்றது 930 கிராமுக்குக் கிட்ட. ஸ்கூட்டியில் கைப்பையோடு போகிறவருக்கு இந்த வித்தியாசம் தெரியும். டாம்ரன் மாட்டிய ஏ6400 மூக்குக் கனத்து முன்னே சாயும், இடக்கையால் லென்ஸைத் தாங்கித்தான் பிடிக்க வேண்டும். இரண்டாவது, விரிவு. உங்கள் கமராவில் படத்தைப் பதியும் சென்சர் முழு அளவுச் சென்சரைவிடச் சின்னது, அதற்கு ஒன்றரை மடங்கு கணக்கு இருப்பதால் சிக்மாவின் 18 முழு அளவுச் சென்சரில் 27போலவும், டாம்ரனின் 17 ஏறக்குறைய 25.5போலவும் தெரியும். நீங்கள் இப்போது பழகியிருக்கும் 16 என்பது 24. ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். சின்ன அறைக்குள் கும்பத்துக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி நின்று பத்துப் பேரை ஒரு படத்துக்குள் அடக்கும்போது அந்த ஒன்றும் இரண்டும் கணக்கில் வரும். மறுமுனையில் 50 என்பது 75, 70 என்பது 105. முகத்தை மட்டும் எடுக்க 105 நன்றாயிருக்கும். மூக்குப் பெருக்காது, பின்னாலிருக்கும் பந்தல் துணி மங்கிப்போகும், மாப்பிள்ளை பெண்ணின் முகத்துக்குள் கமராவை நீட்டவும் வேண்டியிராது.

மூன்றாவதில் சிக்மா முந்துகிறது. அதன் விரிந்த முனையில் 12 சென்டிமீட்டர் வரை கிட்டப் போகலாம், டாம்ரனுக்கு 19 வேண்டும். அந்த நிலையில் பொருளைப் பெரிதாகக் காட்டுவதும் சிக்மாதான். தாலி, மருதாணிக் கை, ஆலாத்தித் தட்டு, சோறு கறி வைத்த வாழையிலை இவற்றை நெருங்கி எடுப்பதில் விருப்பமுள்ளவர் என்றால் அது பெரிய சந்தோஷம் தரும். ஆனால் அவ்வளவு கிட்டப் போகும்போது லென்ஸின் நிழலே பொருளில் விழும். யன்னல் வெளிச்சத்துக்குப் பக்கவாட்டாக நின்று எடுங்கள்.

நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துப் பார்த்தால் என் முடிவு டாம்ரன் 17-70. கூத்தையும் கோயில் திருவிழாவையும் எடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். களரிக்கு வெளியே சனத்தோடு உட்கார்ந்து எடுக்கும்போது 50க்கும் 70க்கும் இடையிலுள்ளதுதான் ஒரு ஆட்டக்காரரின் முழு உருவத்துக்கும் அவர் முகத்துக்கும் இடையிலுள்ள வித்தியாசம். கமராவில் இல்லாத நடுக்கத் தணிப்பு லென்ஸில் கிடைக்கிறது. ஈரம் புகாதபடி ரப்பர் வைத்துச் செய்திருக்கிறார்கள், தூறலுக்குப் பயந்து ஓட வேண்டியதில்லை. விலை குறைந்த லென்ஸ் அல்ல அது, மறைக்கவில்லை. ஆனால் கூத்தை ஒதுக்கிவிட்டு, “வீடும் பிள்ளைகளும்தான், கமரா எப்போதும் பைக்குள் கிடக்க வேண்டும்” என்று சொல்லியிருந்தால் யோசிக்காமல் சிக்மா என்றிருப்பேன். பாரமான லென்ஸ் வீட்டில் அலுமாரிக்குள் இருந்தால் எஃப் 2.8 ஆக இருந்தும் பயனில்லை. உங்களால் மட்டும்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும். யாரிடமாவது ஒரு நாளைக்கு டாம்ரனை வாங்கி, களுவாஞ்சிகுடிச் சந்தைக்கும் பள்ளிக்கும் தோளில் மாட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள்.

லென்ஸைவிட எனக்கு அக்கறை உள்ள விஷயம் இனித்தான். நம் ஊரில் லென்ஸைக் கொல்வது விழுவதல்ல, பங்கஸ். ஒருபக்கம் கடல், மறுபக்கம் வாவி, மாரியில் நவம்பரிலிருந்து ஜனவரி வரை சுவரே வேர்க்கும். 2011 ஜனவரி வெள்ளத்தின்போது நான் நாட்கணக்கில் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தேன். தோல் பையில் போட்டு அலுமாரியில் பூட்டி வைத்த லென்ஸ் ஒன்றை மாசிமாதம் எடுத்துப் பார்த்தால், உள் கண்ணாடியில் சிலந்தி நூல்போல வெள்ளை இழைகள் ஓடியிருந்தன. துடைப்பித்தேன், ஆனால் பூச்சை அரித்துவிட்டிருந்தது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் படம் முழுக்கப் பால் கலந்ததுபோல வரும். அதன் பிறகு இன்றுவரை என் லென்ஸ்கள் காற்றுப் புகாத மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில்தான். உள்ளே சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மானி ஒன்று. முள் 40க்கும் 50க்கும் இடையில் நின்றால் நல்லது. அதற்குக் கீழே மிகவும் காய விடுவதும் ரப்பருக்கும் எண்ணெய்ப் பசைக்கும் நல்லதல்ல. ஜெல் நிறம் மாறினால் சூடாக்கித் திரும்பப் பாவிக்கலாம். ஆனால் நீல நிறத்திலிருந்து ரோஸ் நிறமாக மாறும் வகையில் கோபால்ட் குளோரைட் சேர்ந்திருக்கிறது, அது நஞ்சு. சமையல் சட்டியில் வறுக்காதீர்கள், பிள்ளைகளின் கைக்கு எட்டவும் விடாதீர்கள். செம்மஞ்சள் நிற வகையை வாங்குவது பாதுகாப்பு. அரிசிக்குள் புதைத்து வைப்பது வேண்டாம், மாவுத்தூசி உள்ளே போகும். எல்லாவற்றையும்விடப் பெரிய மருந்து வாரத்துக்கு ஒரு தடவையாவது லென்ஸை வெளியில் எடுத்துப் பாவிப்பது.

பாசிக்குடாவிலோ கல்லடிக் கடற்கரையிலோ எடுத்துவிட்டு வந்தால் அன்றே மெல்லிய ஈரத்துணியால் லென்ஸின் உடலைத் துடையுங்கள், உப்பு காய்ந்து ஒட்டிக்கொள்ள விடாதீர்கள். இந்த மூன்று லென்ஸும் சூம் பண்ணும்போது முன்னே நீள்பவை. நீண்ட குழாயில் ஒட்டிய மணலும் தூசியும் திரும்ப உள்ளே போகும். கச்சான் காற்று அடிக்கும் நாட்களில் பையில் போடுமுன் ஒரு ஊதல் ஊதிவிட்டுப் போடுங்கள். ஏசி மண்டபத்திலிருந்து வெளியே வந்ததும் கண்ணாடி பனிக்கும். துடைத்துக்கொண்டே இருக்காமல் பைக்குள் வைத்தபடி இருபது முப்பது நிமிடம் விடுங்கள்.

பாவித்த லென்ஸ் வாங்குவதென்றால் பகல் வெளிச்சத்தில் பார்ப்பது மட்டும் போதாது, கையில் டோர்ச் கொண்டு போங்கள். பின்பக்கத்தால் வெளிச்சம் அடித்து முன்பக்கத்தால் சாய்த்துப் பாருங்கள். ஓரிரு தூசி இருந்தால் பரவாயில்லை, இழைபோல ஏதாவது தெரிந்தால் எவ்வளவு மலிவென்றாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், உங்கள் மற்ற லென்ஸோடு ஒரே பெட்டியில் வைக்கவும் வேண்டாம். பிறகு செங்கல் சுவர் ஒன்றுக்கு நேரே நின்று எஃப் 2.8இல் விரிந்த முனையிலும் நீண்ட முனையிலும் ஒவ்வொரு படம் எடுங்கள். நாலு மூலையும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு மூலை மட்டும் கலங்கியிருந்தால் உள்ளே ஏதோ கண்ணாடி சரிந்திருக்கிறது. புதிதாக வாங்குவதென்றால், கடைக்காரர் தரும் உத்தரவாதமா, இலங்கை முகவரின் உத்தரவாதமா என்று எழுத்தில் கேளுங்கள். கட்டாரிலிருந்தோ கனடாவிலிருந்தோ சொந்தக்காரர் கொண்டுவரும் லென்ஸுக்கு அந்த நாட்டு உத்தரவாதம் இங்கே செல்லாமல் போகக்கூடும். விலை குறைவதையும் அதையும் சேர்த்து நிறுத்துப் பாருங்கள்.

இதே கேள்வியோடு வேறு கமரா வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக: பியூஜிக்கு இந்த சிக்மாவும் டாம்ரனும் இரண்டுமே கிடைக்கின்றன. கெனனின் சின்ன சென்சர் கமராக்களுக்கு சிக்மா 18-50 2024இல் வந்துவிட்டது. முழு அளவுச் சென்சர் வைத்திருப்பவர் எஃப் 4 லென்ஸைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். சொனியின் 24-105 எஃப் 4, முழு அளவுச் சென்சரில் தரும் பலன் நம் சின்ன சென்சரில் 17-70 எஃப் 2.8 தருவதற்கு ஏறக்குறைய சமம். தங்கச்சி, ஓரிரு வருடத்தில் முழு அளவுக்கு மாறும் எண்ணம் உங்களுக்கு இருந்தால் இப்போது இந்த மூன்றில் எதிலும் பணம் போட வேண்டாம். அந்தக் கமராவில் இவற்றை மாட்டினால் படத்தின் நடுப்பகுதியை மட்டும்தான் பாவிக்கும், 24 மெகாபிக்சல் 10 ஆகச் சுருங்கும்.

வாங்குமுன் கடைசியாக ஒன்று செய்து பாருங்கள். உங்கள் ஊரில் கூத்து அரங்கேறுமுன் நடக்கும் சதங்கை அணிதலோ அடுக்குப் பார்த்தலோ வருகிறதா என்று கூத்துப் பழக்கும் அண்ணாவியாரிடம் கேட்டு, அன்று இரவு இருக்கிற கிட் லென்ஸோடே போங்கள். மெக்கானிக்கல் ஷட்டரில் (சத்தமில்லாமல் எடுக்கும் முறையை நிறுத்திவிட்டு), ஐஎஸ்ஓ 6400இல், 50இல் வைத்து எடுங்கள். விளக்குகள் மினுங்கிப் படத்தில் கோடு விழுந்தால் ஷட்டரை 100இல் ஒரு பங்குக்கு மாற்றுங்கள், நம் நாட்டுக் கரண்டுக்கு அது பெரும்பாலும் ஒத்துவரும். வீட்டுக்கு வந்து படங்களைப் பார்க்கும்போது கால்கள் இழுபட்டிருக்கின்றனவா, அல்லது கால்கள் நின்று முகம்தான் சின்னதாகத் தெரிகிறதா என்று எனக்கு எழுதுங்கள். இரண்டாவதென்றால் மேலே சொன்ன முடிவை மாற்றிக்கொள்ள நான் தயார்.